துண்டுக்குள் ஓர் எழுத்து

அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்க. கோவிச்சுக்காதீங்க. பஸ் குலுங்குகிற குலுக்கலில் நீங்க போடுகிற கோடு எங்கெங்கேயோ போகிறது. சரியென்று போட நினைத்தது தப்பாகப் போய் விழுந்தால் அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? வாத்தியார்தானே நீங்க? ஏறும்போதே தெரிந்தது. பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்கிறவன் நான். ஆளைப் பார்த்துத் தொழில் சொல்ல மாட்டேனா?

நேற்றிலிருந்து எனக்கு வாத்தியார்களைக் கண்டாலே ஆகவில்லை. உங்களைச் சொல்லவில்லை. நீங்க நல்லவராக இருக்கலாம். அவனும் நல்லவன் மாதிரிதான் இருந்தான்.

என் பேர் சென்னியப்பன். மாட்டுத் தரகு. தாராபுரம் சுற்றுவட்டாரத்துச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. நாங்க விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவர் கையையும் என் கையையும் துண்டுபோட்டு மூடிக்கொண்டு விரலால் பேசுவோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கினால் ஒரு கணக்கு. சுற்றி ஊரே நின்றாலும் துண்டுக்குள் நடந்தது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அதை மூன்றாவது ஆளிடம் சொன்னவன் மறுவாரம் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. தொழில் அப்படி.

இப்போது ஒன்று சொல்கிறேன். நீங்க இறங்கிப் போய்விடுவீங்க, நான் ஒரு பக்கம் போய்விடுவேன், அதனால் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க.

அப்படிப் பார்க்காதீங்க. சந்தையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, உதைபட்டு, திருட்டுப் பட்டம் வாங்கி, அதையும் துடைத்துப் போட்டு மேலே வந்தவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் எவன் போனது? ஆனால் ஒருத்தனுக்கும் தெரியாது. எதையாவது நீட்டினால், ‘கண்ணாடி வீட்டுல இருக்குது, நீயே படி’ என்பேன். படிக்கிறவன் மூஞ்சியைப் பார்ப்பேன். பொய் படித்தால் மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும். கையெழுத்து என்று ஒரு கிறுக்கல் வைத்திருக்கிறேன். பேங்க் மேனேஜரே, ‘பெரிய ஆபீஸர் கையெழுத்து மாதிரி இருக்குதுங்க’ என்றார். தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீங்களா? சந்தையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவனெல்லாம் இன்றைக்குக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்புகிறான். சென்னியப்பன் கைநாட்டு என்று ஒரு வாய் சொன்னால் போதும், அப்புறம் என் துண்டுக்குள் கையை விடுகிறவன் சிரித்துக்கொண்டேதான் விடுவான்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரி, பாவாத்தாள். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்.

அதுவும் வேண்டுமென்று சொல்லவில்லை. வயிற்றில் ஆப்பரேஷன் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸம்மா தாளை நீட்டி, ‘படிச்சுப் பார்த்துட்டு, படிச்சேன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க’ என்றது. கண்ணாடிக் கதை அங்கே எடுபடவில்லை. கண்ணாடி என் சட்டைப் பையிலேயே துருத்திக்கொண்டு நின்றது. பாவாத்தாள் கையைப் பிடித்து, ‘எனக்கு வராது பாவா’ என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுங்களா? ‘கட்டுனவ வெச்சாப் போதுமில்லீங் அம்மணி? அவருக்கு வலி’ என்று அந்த நர்ஸம்மாவிடம் கேட்டு, கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, ‘எனக்கு மட்டும் வருதாக்கும்? விடுங் மாமா’ என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு குளுந்து போச்சு தெரியுங்களா? ஒரு நுகத்தில் ரெண்டு மாடு என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம்.

அந்த வாத்தியார் கதைக்கு வருகிறேன், இருங்க.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் வந்தான். அறவாழி என்று பேர். ஒல்லி. சைக்கிளில் வந்தான். பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்களாம், பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வகுப்பு நடத்த இடம் வேண்டுமாம். என் கொட்டகையைக் கேட்டான். சந்தைக்கு முதல் நாள் மாடு கட்டுவோம், மற்ற நாளில் சும்மாதான் கிடக்கும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாவாத்தாள் உள்ளேயிருந்து வந்து, ‘நானும் போய் உக்காரறனுங் மாமா, பேராவது எழுதிப் பழகறேன்’ என்றாள். சரி, ஆசைப்படுகிறாள் என்று விட்டேன்.

பையனிடம் பேரம் பேசினேன். ‘என் கொட்டகை. வாசல்ல சேர் போட்டு உக்காந்து நான் பார்ப்பேன். நீ ஒழுங்காச் சொல்லித் தர்றயா இல்லையான்னு எனக்குத் தெரியோணும்.’

‘தாராளமாப் பாருங்கண்ணா. பாக்கறதுக்கு ஒருத்தர் இருந்தா நல்லதுதான்’ என்றான். உடனே ஒத்துக்கொண்டான் பாருங்க. உடனே ஒத்துக்கொள்கிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு எங்கே போச்சு அந்தப் புத்தி?

வந்தது யார் யார்? கயிறு விற்கிற நாச்சக்கா, லாரியில் மாடு ஏற்றுகிற மாரான், இன்னும் நாலைந்து பொம்பளைங்க. அவன் அ, ஆ என்று ஆரம்பிக்கவே இல்லை. ‘நாச்சக்கா, உங்களுக்கு எந்த வார்த்தை வேணும்?’ என்றான். அது, ‘கவுறு’ என்றது. ‘கயிறு’ என்று பலகையில் எழுதினான். எழுத்து ஒவ்வொன்றும் பனங்காய்த் தண்டி. நான் வாசலிலிருந்து, ‘ஏப்பா, அவங்க உன் காலடியிலதான உக்காந்திருக்கறாங்க, எதுக்கு இத்தாம் பெருசு? சாக்பீஸ் என்ன ஓசியா?’ என்று சத்தம் போட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்ததையும் அதே பெரிசில் எழுதினான். பலகைக்கு முன்னால் நிற்கவும் மாட்டான். ஓரமாக, சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

எழுதினவர்களைத் திருத்தவும் மாட்டான். மாரான் எழுதியதைப் பார்த்தால் நாய் ஓடின தடம் மாதிரி இருக்கும். ‘படிங்க’ என்பான். மாரான் படிப்பான். பாதியில் நின்று தலையைச் சொறிவான். இவன் வாயைத் திறக்க மாட்டான், சும்மா நிற்பான். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அது என்ன வித்தை என்று எனக்குத் தெரியும். பேரத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறானோ அவன் தோற்றான். இவன் பொறுத்திருப்பான். கடைசியில் மாரானே, ‘அட, இங்கொரு கால் விட்டுப்போச்சு’ என்று போட்டுக்கொள்வான். அப்படி ஒரு பொறுமை எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் நான் ரெண்டு சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருப்பேன். திறமைசாலிதான், இல்லையென்று சொல்லவில்லை. திருடனும் திறமைசாலிதானுங்க.

எல்லோருக்கும் ஓரளவு வந்தது. வராதது என் வீட்டுக்காரிக்குத்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. எல்லோரும் அடுத்த வார்த்தைக்குப் போனாலும் இவள் கையைத் தூக்கி, ‘வாத்தியாரே, க-வும் த-வும் எனக்கு ஒரே மாதிரி தெரியுதுங். மறுக்காச் சொல்லுங்’ என்பாள். அவன் மறுபடி எழுதி, இங்கே வளைகிறது, அங்கே நீட்டுகிறது என்று சொல்வான். மறுநாள், ‘கொம்பு முன்னால போடறதுங்களா, பின்னாலங்களா?’ என்பாள். அதையும் ஆதியிலிருந்து சொல்வான். எனக்கு எது புரியவில்லையோ, அதாவது வாசலில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எது புரியாதோ, சரியாக அதையே கேட்பாள். அது ஒரு பக்கம் சௌகரியமாக இருந்தாலும் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

‘எருமைக்குச் சொல்லியிருந்தா இந்நேரம் எழுதியிருக்கும்’ என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

நாச்சக்கா, ‘அப்ப நீங்க வந்து எழுதிக் காட்டுங் மாப்ள’ என்று சீண்டியது.

பாவாத்தாள்தான் முந்திக்கொண்டு, ‘அவரு எழுதுனா வேகம் நமக்குப் புரியாதுக்கா. எம் மண்டைதான் காஞ்ச மண்டை’ என்று சிரித்தாள். கொட்டகையே சிரித்தது. பொண்டாட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நேற்று அவன் புதுசாக ஒன்று ஆரம்பித்தான். எழுத்து வருவதற்கு முன்னால் உங்க உங்க தொழிலில் எப்படிக் குறி வைத்தீங்க, அதைக் காட்டுங்க என்றான். நாச்சக்கா கயிற்றில் முடிச்சுப் போட்டு எத்தனை முழம் என்று காட்டியது. மாரான் மாட்டின் கொம்பில் பூசுகிற வண்ணத்தைச் சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்து, ‘அண்ணா, துண்டு பேரம் காட்டுங்களேன். நான் மாடு வாங்கறேன்’ என்றான்.

எனக்கும் பெருமைதான். எழுந்து போய் அவன் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடினேன். வகுப்பே எட்டிப் பார்த்தது. நான் ஒரு விலையைச் சொன்னேன். அவன் என் விரலை மடக்கிக் குறைத்தான். நான் ஏற்றினேன். எல்லோரும், ‘எவ்வளவுங், எவ்வளவுங்’ என்றார்கள். அப்போது அவன் என் விரலை விட்டுவிட்டு, உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தன் விரலால் மெதுவாக ஒன்று எழுதினான். முதலில் ஒரு கொம்பு. அப்புறம் ஒரு ச. நிறுத்தினான். அவனுக்கே உரிய அந்த நிறுத்தல். வாயைத் திறக்காமல் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செ. என் பேரின் முதல் எழுத்து. துண்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் எழுதினான். அது எனக்குத் தெரிந்துவிட்டது பாருங்க. எழுத்துத் தெரிந்தவனிடம் எவனாவது இப்படிச் சோதனை போடுவானா? இவனுக்கு விஷயம் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும்?

எத்தனை பேரம் பார்த்த மூஞ்சி இது. ஒரு நரம்பு அசையவில்லை. கையை உருவிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டேன்.

‘எவ்வளவுக்கு முடிஞ்சுதுங் மாப்ள?’ என்றது நாச்சக்கா.

‘படியலை’ என்றேன்.

எல்லோரும் போனதும் அவன் சட்டையைப் பிடித்தேன். ‘யார் சொன்னாங்க?’

‘உங்க வீட்டு அக்காதாண்ணா. வேற யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் துண்டுக்குள்ள எழுதினேன்.’

‘அவ எப்பச் சொன்னா?’

‘முதல்லயே. இடம் கேக்க நானா வரலைங்கண்ணா. அவங்கதான் என்னைத் தேடி வந்தாங்க. வகுப்புன்னு கூப்பிட்டா அவரு வரமாட்டாரு, காவலுக்குன்னா வந்து உக்காந்துக்குவாருன்னு சொன்னாங்க. வாசல்ல இருக்கறவருக்குத் தெரியற மாதிரி எழுதுங்கன்னாங்க.’

பனங்காய்த் தண்டி எழுத்து. சுவரோடு ஒட்டின கூச்சம். புரிந்ததா? அத்தனையும் எனக்கு வைத்த வலை. என் கொட்டகையில், என் டீயைக் குடித்துக்கொண்டு, என்னையே கட்டிப்போட்டுத் தண்ணி காட்டியிருக்கிறார்கள். பலகையைத் தூக்கி வெளியே எறிந்தேன். இனிக் கொட்டகை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன் பலகையை எடுத்துத் தூசியைத் தட்டிக் கேரியரில் கட்டிக்கொண்டு, ‘கோவம் ஆறினதும் சொல்லி அனுப்புங்கண்ணா. அரைவாசித் தூரம் வந்துட்டீங்க’ என்றான். எவ்வளவு நெஞ்சழுத்தம்.

வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

‘ஏண்டி, நான் உங்கிட்டத் துண்டுக்குள்ள சொன்னதை மூணாவது ஆளுகிட்டச் சொல்லிட்டயா?’

‘ஆமாங்’ என்றாள். அவ்வளவுதான். பயமும் இல்லை, அழுகையும் இல்லை.

‘ஒரு கைநாட்டு இன்னொரு கைநாட்டைக் காட்டிக் குடுக்கலாமா?’

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். ‘நான் கைநாட்டு இல்லீங் மாமா’ என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தாள். சமையல்கட்டுத் தரை காவி பூசின தரை. அதில் என் பேரை எழுதினாள்.

நான் எழுத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க எழுதப் பழகுகிற கைகளை உட்கார்ந்து பார்த்தவன் நான். பழகுகிற கை அழுத்தும். சாக்பீஸ் உடையும். மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், நாக்கு வெளியே வந்துவிடும். இவள் கை வாய்க்காலில் தண்ணி போகிற மாதிரி போச்சு. போகிற போக்கில் அடுப்பைத் திரும்பிப் பார்த்து ஒரு விறகை உள்ளே தள்ளினாள், கை பாட்டுக்கு எழுதியது.

‘எட்டாவது வரைக்கும் போனேனுங்’ என்றாள். ‘படிச்ச பொண்ணு வேண்டாம், எதுத்துப் பேசும்னு உங்க பக்கத்துல சொன்னாங்களாம். எங்கப்பா எம் பொஸ்தகத்தையெல்லாம் தூக்கிப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டாங்க. எழுத்துத் தெரியாதுன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க.’

சொன்னது நான்தான். படித்தவள் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றேன். பேரம் என்றால் நிபந்தனை போடத்தானே செய்வோம்? நியாயத்தைச் சொல்லுங்க. வாங்கினவன் வீட்டுக்கு ஆகாது என்கிற பாடைச்சுழி இருக்கிற மாட்டுக்குச் சுழியைச் சுற்றி முடியைக் கத்தரித்துவிட்டு விற்கிறவனை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். குறையை மறைத்து விற்பான், அது சந்தையில் நடக்கிறதுதான். நல்லதை மறைத்து விற்ற ஒருத்தனை நான் பார்த்ததே இல்லை. என் மாமனார் அதைச் செய்திருக்கிறார். வாங்கினவன் நான், இத்தனை வருசமாக வீட்டில் கட்டிவைத்துக்கொண்டு எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மையைத் தொட்டு வைத்த அந்தக் கட்டைவிரல் பொய். ‘எனக்கு மட்டும் வருதாக்கும்’ பொய். க-வும் த-வும் ஒன்றாகத் தெரிகிறது என்றது பொய். காஞ்ச மண்டை பொய். எருமை என்று நான் திட்டியபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு எதில் சேர்த்தி?

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சான் இருக்கிறான், மூலனூருக்கு அந்தப் பக்கம். அவனிடம் நியாயம் கேட்கத்தான் இப்போது போகிறேன். திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்லப் போவதில்லை, அதெல்லாம் வாயில் வராது. உங்கப்பன் ஏன் இப்படிச் செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அதற்குத்தான் கிளம்பினேன். ஆனால் காலையில் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இன்னொன்று ஆகிவிட்டது.

எப்போதும் நான் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரியும், டிரைவர் மூஞ்சி தெரியும். இன்றைக்கு இடமெல்லாம் மாறிக் கிடந்தது. சும்மா அண்ணாந்து பார்த்தேன். மூ. அப்புறம் ல. மூலனூர் என்று வந்துவிட்டது. நான் படிக்க நினைக்கவே இல்லைங்க. கண்ணு போச்சு, அதுபாட்டுக்குப் படித்துவிட்டது. பக்கத்து பஸ்ஸைப் பார்த்தால் அதுவும் வாசிக்கிறது. எழுத்துத் தெரிந்துவிட்டால் வேண்டாம் என்றாலும் படிக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் ஒரு நாள் ஆள் வந்து சொன்னான், பாவாத்தாளின் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, உடனே வரச் சொன்னார்கள் என்று. இதே பஸ் ஸ்டாண்டு, இதே மூலனூருக்குத்தான் போக வேண்டும். நான் எப்போதும் ஏறுகிற மஞ்சள் பட்டை பஸ்ஸின் இடத்தில் வேறொரு பஸ் நின்றது. யாரையாவது கேட்டிருக்கலாம். புதுப் பொண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? ‘இதுதான், ஏறு’ என்றேன்.

அவள் படியில் ஒரு காலை வைத்து நின்றாள். மேலே பார்த்தாள். ‘இதுங்களா?’ என்றாள்.

‘போர்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்குது. உனக்கென்ன தெரியும், ஏறு’ என்றேன்.

ஏறினாள்.

பஸ் வேறு பக்கமாகப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கண்டக்டரோடு சண்டைக்குப் போனேன். ‘உடுமலைன்னு போர்டு இருக்குதே, படிக்கலையாய்யா?’ என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இவள் எழுந்து நின்று, ‘நாந்தானுங் அவசரத்துல அவரை இழுத்துட்டு ஏறிட்டேன். தப்பு என்னுதுங்’ என்றாள். நானும் அன்றைக்கு, ஆமாம், இவள்தான் அவசரப்படுத்தினாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அவள் அவங்கம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் சொல்லித் தெரிந்ததே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? இது உடுமலை பஸ் என்று ஒரு வார்த்தை. நான் என்ன, அவளை அடித்தா கொன்றிருப்பேன்? கத்தியிருப்பேன். கத்திவிட்டு இறங்கியிருப்பேன். அதைச் செய்யாமல் இத்தனை வருசம் என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறாளே, இதைவிடத் துரோகம் என்ன இருக்கிறது?

மச்சானிடம் கேட்கலாம் என்றுதான் வந்தேன். அவனுக்கு என்ன தெரியும்? நீங்க படித்தவர், சொல்லுங்க. பெற்றவள் அங்கே செத்துக்கொண்டிருக்கிறாள். போர்டு கண்ணுக்கு நேரே இருக்கிறது, படித்தும்விட்டாள். அதற்கப்புறம் ஒருத்தி எப்படிங்க அந்த பஸ்ஸில் ஏறுவாள்?